கொடிக்கயிற்றுக்கு அந்தப் பக்கம்

பதினான்கு வருஷம்
சத்துவாச்சாரி, ஃபேஸ் டூ, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்
ஒரே மஞ்சள் வேனுக்காக நின்றோம்.
எனக்கு அவள் நிவேதன் அம்மா.
அவளுக்கு நான் யாழினி அம்மா.
இன்னைக்கு எலுமிச்சை சாதமா,
கணக்கு மிஸ் அடிக்கிறாங்களாமே,
வேன்காரர் மறுபடி இருநூறு ஏத்திட்டாரே.
அவ்வளவுதான் பேச்சு.
வேன் திரும்பியதும் நாங்களும் திரும்பிவிடுவோம்
அவரவர் குக்கரிடம்.

போன ஆகஸ்டில் யாழினியைக்
காட்பாடியில் ரயிலேற்றினேன், ரூர்கேலாவுக்கு.
அவளுடைய தண்ணீர்ப் பாட்டில் என் பையிலேயே தங்கிவிட்டது.
பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது
அதை நானே குடித்து முடித்தேன்.
கீழே ஆற்றில் மணல், நாணல், ஒரே ஒரு எருமை.

அப்புறம் அரை டம்ளர் அரிசி
குக்கரின் அடியில் தீய்ந்தது, தினமும்.
ராணிப்பேட்டையிலிருந்து எட்டு மணிக்கு வரும் அவர்
செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: பாப்பா பேசிச்சா?
பேசிச்சு.
அதோடு வீட்டில் வார்த்தை தீர்ந்துவிடும்.

ஒரு புதன்கிழமை
கூரியர் பையன் தெருவில் நின்று கத்தினான்:
"திலோத்தமா யாருங்க? திலோத்தமா!"
அப்படி யாரும் இந்தத் தெருவுல இல்லப்பா.
ஜன்னலிலிருந்து நான்தான் சொன்னேன், அடித்துச் சொன்னேன்.
எதிர்வீட்டு கேட் திறந்தது.
கையெல்லாம் இட்லி மாவோடு நிவேதன் அம்மா:
"நாந்தாம்பா."

அன்று சாயங்காலம் முதன்முறையாக
அவள் வீட்டுக்குள் போனேன்.
"உன் பேர் இன்னா?"
அஞ்சுகம் என்றேன்.
"கிளியா!" என்று அவள் சிரித்த சிரிப்பில்
குழம்புக் கரண்டி கீழே விழுந்தது.

பார்சலில் இருந்தது ஒரு சிவப்பு ரப்பர் வளையம்.
நூற்று அறுபது ரூபாய். யாருக்குமில்லை, தனக்கு.
"ரிங் பால். ஆரணி கேர்ள்ஸ் ஸ்கூல்.
வட ஆற்காடு மாவட்டத்துக்கே ஆடியிருக்கேன், தெரியுமா?
அந்த மாவட்டமே இப்ப இல்ல.
துண்டு துண்டா பிரிச்சிட்டாங்க,
நான் எந்தத் துண்டுல கீறேன்னு தெரியல."

காலை ஐந்தே முக்காலுக்கு மொட்டை மாடி.
மலைப்பாறை சூடேறுவதற்குள் ஆடி முடிக்க வேண்டும்.
துணி காயும் கொடிதான் வலை.
கிளிப்புகளை ஓரமாகத் தள்ளிவிட்டு
புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விதி சொன்னாள்:
ஒரு கையாலதான் பிடிக்கணும்.
பிடிச்சதும் விட்டுடணும். வச்சிக்கினு நிக்கக்கூடாது.

நான் இரண்டு கையாலும் பிடித்தேன்.
ஃபவுல்.
மறுபடி இரண்டு கை.
ஃபவுல், அஞ்சுகம்!
மூன்றாம் வாரம் வரைக்கும் மார்போடு அணைத்தே பிடித்தேன்.
வலது முட்டி கறகறவென்றது.
ராத்திரி தைலம் தடவும்போது
அந்த வலி என்னுடையது மட்டும் என்று
ஒரு பெருமைகூட வந்தது.

நேற்று ஆறு பதினொன்று, என் சர்வீஸ்.
போன் அடித்தது.
"ஏம்மா மூச்சு வாங்குது? உடம்பு சரியில்லயா?"
அப்பால பேசறேன் பாப்பா, பாயிண்ட் போயிடும்.
வைத்துவிட்டு ஓங்கி வீசினேன்.
வளையம் கொடியைத் தாண்டி, திலோத்தமாவைத் தாண்டி
பக்கத்து மாடிக்கே போய்விட்டது.

அங்கே மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்த ஷம்ஷாத்
(மூன்று பிள்ளைகள், மூன்றும் ரியாத்தில்)
தாவி எழுந்து
இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஃபவுல்!"
இருவரும் ஒரே குரலில் கத்தினோம்.
எதிர் மாடிப் புறாக்கள் எழும்பிப் பறந்தன.

அவள் வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
திருப்பி வீசவில்லை.
ஃபவுல்னா இன்னாடி என்று கேட்டுக்கொண்டே
மிளகாயை அப்படியே போட்டுவிட்டு
படியிறங்கும் சத்தம் கேட்டது,
பிறகு எங்கள் படியில்.